அறிவுமதி மூடிக்குக் கீழே நின்றது

அறிவுமதியைப் பற்றி எழுதுவதென்றால் அவளுடைய பயத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பென்னலூர்ப் பெண். அப்பா சுப்பராயன் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரகடத்தில் நான் கூட்டிப் பெருக்கும் கம்பெனியில் டிசைன் வேலைக்குச் சேர்ந்தாள். பல்லி விழுந்தால் பயம், சூப்பர்வைசர் இருமினால் பயம். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் அம்மாவுக்குப் போன் போடுவாள். மெயின்டனன்ஸ் டில்லிபாபு அவளுக்கு வைத்த பெயர் 'பயந்தாங்கொள்ளி மேடம்'.

உதிரிபாகங்களின் எண்ணெயைக் கழுவ எங்களிடம் ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. அதன் இரும்பு மூடியைத் தூக்கி நிறுத்திவிட்டு, உள்ளே தலையை விட்டு அடிச்சேற்றை வழிக்க வேண்டும். அது எனக்கும் மஞ்சுளாவுக்கும் உள்ள வேலை. ஒருநாள் மூடி சரிந்து மஞ்சுளாவின் கைமேல் விழுந்தது. அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதன் பிறகு வல்லக்கோட்டை முருகனைக் கூப்பிடாமல் நான் அந்தத் தொட்டிக்குள் குனிந்ததில்லை.

மூடி விழாதபடி செய்யும் வேலை அறிவுமதியிடம் வந்தது. இரண்டு பக்கமும் மடங்கி நிமிரும் இரும்புக் கைகள், கைக்கொரு ஸ்பிரிங். நல்ல கெட்டி ஸ்பிரிங்காகப் போட்டால் தீர்ந்தது என்று நான் நினைத்தேன்.

"அப்படி இல்லக்கா" என்றாள். "மூடியத் தூக்கத் தூக்க ஸ்பிரிங் சுருங்கும், இழுக்கிற பலம் கொறையும். கையோட சாய்வும் மாறிக்கினே போவும். கதவக் கீலுகிட்ட தள்ளுனா நகராது, ஓரத்துல தள்ளுனா லேசா போவும் இல்ல? அந்த மாதிரி. அதனால மூடி எந்தெந்தச் சாய்வுல நிக்குமோ அதுக்கெல்லாம் தனித்தனியா கணக்குப் போடணும்."

"எங்கனா ஒரு எடத்துல கொறஞ்சிட்டா?"

"அங்கதான் விழும்" என்றாள்.

எங்கள் டூல்ரூமில் ஒரு பழக்கம் உண்டு. தலைக்குமேல் நிற்கிற எதைச் செய்தாலும், கணக்குப் போட்டவரே முதலில் அதன் கீழே நிற்க வேண்டும். யார் ஆரம்பித்ததோ தெரியாது, யாரும் மீறியதில்லை.

ஸ்பிரிங்குகள் வந்தன. எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நீளும் என்று அவற்றில் கட்டிய அட்டையில் போட்டிருந்தது. அறிவுமதியின் கணக்கு முழுக்க அந்த அட்டையை நம்பித்தான் நின்றது. மாட்டுவதற்கு முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டாள். சூப்பர்வைசர் ரகுபதிக்குக் கோபம் வந்துவிட்டது.

"அட்டைலதான் போட்டுகீதே, அப்புறம் இன்னாம்மா டெஸ்ட்டு? நாளைக்கி கஸ்டமர் வரான். மாட்டு, கீழ நில்லு, முடி."

"பாக்காம நிக்க மாட்டேன் சார்" என்றாள் மெல்ல.

"பயமா கீதா?"

"ஆமா சார்."

டில்லிபாபு சிரித்தான். அவள் என்னைக் காட்டினாள். "நான் ஒருவாட்டிதான் நிப்பேன். அப்புறம் டெய்லி கங்காக்கா தலதான சார் உள்ள போவும்?"

அதுவரை நான் அப்படி யோசித்துப் பார்க்கவில்லை.

"டீ டைம் முடியறதுக்குள்ள பாத்துக்கோ" என்றார் ரகுபதி.

பாரம் தூக்கும் செயின் பிளாக்கின் கொக்கியில் ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டாள். கேன்டீனிலிருந்து குடிதண்ணீர் கேன்களை நானும் டில்லிபாபுவும் தூக்கி வந்தோம். ஒரு கேனைக் கட்டி அளந்தாள், இன்னொன்றைக் கட்டி மறுபடி அளந்தாள். அட்டைப்படி அந்தக் கூடுதல் கேனுக்கு ஸ்பிரிங் இரண்டு சென்டிமீட்டர் நீள வேண்டும். முதல் ஸ்பிரிங் சரியாக நீண்டது. அடுத்தது மூன்றைத் தொட்டது.

"இது தொளதொளன்னு கீதே!" என்றான் டில்லிபாபு.

ரகுபதி டேப்பைப் பிடுங்கித் தானே அளந்தார். அட்டையைப் பார்த்தார், திரும்பவும் அளந்தார். "இத மாட்டியிருந்தா?"

"பாதி தூக்கும்போது விழுந்திருக்கும் சார்."

"காலைலயே சொல்றதுக்கு இன்னா உனக்கு?" என்று அவளையே திட்டிவிட்டு, ஸ்பிரிங் அனுப்பியவனுக்குப் போன் போடப் போனார். கஸ்டமர் வந்தபோது தொட்டியின்மேல் தார்ப்பாய் கிடந்தது. மேலிடத்தில் ரகுபதிக்கு நல்ல டோஸ் என்று கேள்விப்பட்டேன். வேலை போய்விடும் என்று அறிவுமதி பாத்ரூமில் அழுதுகொண்டிருந்தாள்.

வேலை போகவில்லை. வேறு ஸ்பிரிங் வந்தது, கேன் கட்டிப் பார்த்ததில் சரியாக நீண்டது. மூடியையும் மாட்டியாயிற்று. இனி அவள் தைரியமாக நிற்பாள் என்றிருந்தேன்.

"எல்லாம் சரியா இருக்குக்கா. ஆனா பயம் போவல" என்றாள்.

டில்லிபாபு மூடியைப் பாதிக்குத் தூக்கி, விழுந்திருக்கும் என்று அவள் சொன்ன அந்தச் சாய்விலேயே விட்டுவிட்டுக் கையை எடுத்தான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையை உள்ளே விட்டாள். நான் அவளுடைய யூனிஃபார்ம் கோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"எதுனா பேசிக்கினே இருங்கக்கா."

"காலைல இன்னா சாப்ட்ட?"

"ஒண்ணும் சாப்டல."

"கேன்டீன்ல இன்னைக்கி லெமன் சாதம்."

"தொட்டுக்க?"

"உருளக்கெழங்கு." முருகா, இந்தப் பெண்ணைக் காப்பாற்று என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

டில்லிபாபு மூடியை விரலால் லேசாக அமுக்கினான். அது கொஞ்சம் இறங்கி, பழைய இடத்துக்கே ஏறி நின்றது.

"போதும்மா, வெளிய வா" என்றார் ரகுபதி.

அவள் வரவில்லை. அசையாமல் நின்றாள். நானும் டில்லிபாபுவும் தோளைப் பிடித்து மெல்ல இழுத்து வெளியே கொண்டுவந்தோம். தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

அடுத்தது என் முறை. சுரண்டியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். சேற்றை வழித்துக்கொண்டே ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்தேன். அறிவுமதி எழுந்து வந்து பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் பார்வை என்மேல் இல்லை, ஸ்பிரிங்கின்மேல் இருந்தது. நான் வழித்து முடிக்கும்வரை அங்கிருந்து அவள் நகரவில்லை.