கடைசித் தெருவுக்கு வந்த வண்டி

அந்த வட்டாரத்தில் எல்லோரும் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். அரசின் நலத்திட்டங்களைத் தெருத் தெருவாக அறிவிக்கும் வேனில் ஒலிப்பது அவள் குரல். தடுப்பூசி முகாமோ, முதியோர் உதவியோ, எழுதிக் கொடுத்த தாளை ஒரே மூச்சில் படித்துப் பதிவு செய்துவிடுவாள். பிறகு அதே வேனில் ஏறி, தன் குரலுக்குக் கீழேயே உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பாள்.

இந்த முறை வந்த திட்டம் வேறு மாதிரி. படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கவனிக்கத் தினமும் காலையில் ஓர் உதவியாள் வீட்டுக்கே வருவார். தாளைப் படிக்கும்போதே அவளுக்கு அக்கா வீட்டுக்காரர் நினைவுதான். பக்கவாதம் வந்து இரண்டு வருடம். அவரைத் தூக்கியும் புரட்டியும் அக்காவின் இடுப்பு போய்விட்டது. அன்றைக்கே போய்ச் சொன்னாள்.

"அப்போ இப்பவே எழுதிக் குடுத்துடவா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா, வண்டி உங்க தெருவுக்கு வர்ற அன்னைக்கு எழுதினாத்தான் செல்லும். அட்டவணையில உங்க தெரு கடைசி. மூணு வாரம் பொறுத்துக்கோ."

"ரெண்டு வருஷம் பொறுத்தவளுக்கு மூணு வாரம் ஒரு பெரிசா."

பதினாறாம் நாள் தகவல் வந்தது. இருநூறு பேருக்குத்தான் இடம், நிரம்பிவிட்டது. அவள் மேலாளரிடம் ஓடினாள்.

"அப்போ வண்டிய நிறுத்திடலாமா மேடம்?"

"எதுக்கு? எல்லாத் தெருவுக்கும் பிரச்சாரம் போனதா ரிப்போர்ட் குடுக்கணும். ஓடட்டும்."

"இடம் முடிஞ்சதுன்னு ஒரு வரி சேர்த்துப் பதிவு பண்ணிடறேன்."

"அந்த வாசகம் மேலிடத்துல ஒப்புதல் வாங்கினது. ஒரு வார்த்தை மாத்தணும்னாலும் ஒரு மாசம் ஆகும். வர்றவங்ககிட்ட வாயால சொல்லிக்கோங்க."

"எங்க அக்கா வீட்டுல மட்டும்..."

"உங்க அக்காவ சேர்த்தா எங்க அக்காவையும் சேர்க்கணும்" என்றார் மேடம், சிரிக்காமல்.

அடுத்த ஐந்து நாள் வாயால்தான் சொன்னாள். "மேல ஒருத்தி வாங்க வாங்கன்னு கூப்பிடறா, கீழ ஒருத்தி போங்கன்றா. நான் எவ பேச்சக் கேக்கறது?" என்று ஒரு பெரியவர் கேட்டேவிட்டார். அக்காவிடம் சொல்லிவிட இரண்டு முறை போன் போட்டாள். இரண்டு முறையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

கடைசி நாள் வேன் அக்காவின் தெருவுக்குள் திரும்பியது. தகுதியுள்ள ஒருவரும் விடுபட வேண்டாம் என்று கூரையிலிருந்து அவள் குரல் முழங்கியது. அக்கா பிளாஸ்டிக் உறையில் காகிதங்களோடு வாசலில் நின்றிருந்தாள். உள்ளே மாமாவைச் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். போட்டோ எடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"இடம் முடிஞ்சிடுச்சுக்கா. அஞ்சு நாளாச்சு."

அக்கா வேனின் கூரையைப் பார்த்தாள். "அப்போ இது யாருடி பேசறது?"

அவள் டிரைவரிடம் திரும்பினாள். "அண்ணே, ஸ்பீக்கரக் கொஞ்சம் நிறுத்துங்களேன்."

"வீடியோ எடுத்து அனுப்பணும்மா. நிறுத்தினா இந்தத் தெரு ஓடினதாவே எடுத்துக்க மாட்டாங்க."

அக்கா வாசலிலிருந்து திரும்பினாள். "உள்ள வா. இவ்வளவு நேரம் அவர உக்கார வெச்சதில்ல, சரியறாரு" என்றாள்.

அவள் தோளைப் பிடித்தாள், அக்கா காலைப் பிடித்தாள். மெலிந்திருந்தாலும் மாமா கனத்தார். மூச்சு வாங்கக் கட்டிலில் கிடத்தியதும் அவர் வாய் கோணியபடி, "போட்டோ?" என்றார்.

"இன்னைக்கு எடுக்கலையாம்" என்று அக்கா சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். பிறகு நிமிராமலேயே கேட்டாள்: "நாளைக்குக் காலையில வர்றியா? இந்த மாதிரி ஒரு கை புடிச்சாப் போதும்."

"அடுத்த வட்டாரத்துக்கு அனுப்பறாங்கக்கா. ஆறு மணிக்கெல்லாம் வண்டி கிளம்பிடும்."

"சரி, போ. உன்னத் தேடுவாங்க" என்றாள் அக்கா. அவள் கட்டிலோரமே நின்றாள். அக்கா அவரை ஒருக்களிக்க வைக்க, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுபடி குனிந்தாள்.