எங்கள் வளவில் பெய்த மழை

கொழும்பில் எனக்குப் படிப்பித்த பேராசிரியர் தந்தது ஒரு மின்மானியும் ஒரு செப்புச் சட்டியும்தான். மழைத்துளி எவ்வளவு மின்னேற்றத்தைச் சுமந்துகொண்டு வருகிறது என்று அளக்க அவருக்கு மாரி மழை அடித்து ஊற்றும் கடற்கரை ஒன்று தேவைப்பட்டது. கொழும்பில் பௌதிகம் படித்துவிட்டு, கிழக்குக் கரையிலுள்ள கல்முனைக்குடியில் கலியாணம் முடித்து மனைவி வீட்டில் குடியிருந்து, பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு அது பெருநாள் வந்த மாதிரி இருந்தது. இதைப் பற்றி வரும் கட்டுரையில் என் பெயரும் வந்தால் பல்கலைக்கழகத்தில் வேலை நிச்சயம் என்று அவரே சொல்லியிருந்தார்.

சட்டியை வீட்டைச் சுற்றியிருந்த வளவில் வைத்து, கம்பியை விறாந்தையிலிருந்த மின்மானிக்கு இழுத்தேன். மழை என்ன பள்ளிக்கூட மணி பார்த்தா பெய்கிறது? நான் வகுப்பில் நிற்கும் நேரமெல்லாம் ஊசியைப் பார்த்து எழுதியவள் என் மனைவிதான். குசினியில் உலை கொதிக்க, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடி வருவாள். ஈரம் பட்டால் ஊசி பொய் சொல்லும் என்று, வானம் இருட்டிக்கொண்டு வரும்போதே சட்டியைத் தாங்கிய கண்ணாடிக் காலைத் துடைத்து வைப்பவளும் அவள்தான்.

இரண்டு மாரிக்காலம் கழிந்தது. கணக்குப் போட்டு, வரைபடம் கீறி, முழுக் கட்டுரையாகவே எழுதி அனுப்பினேன். அச்சாகி வந்தபோது மேலே பேராசிரியரின் பெயர் மட்டும் இருந்தது. அடியில், பொடி எழுத்தில், அளவீட்டில் உதவிய கிழக்குக் கரையோர வாசி ஒருவருக்கு நன்றி. வாசியாம்! உமி கொண்டுவந்த மனிதர் எங்கள் அரிசியையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்.

பிறகு விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அவரேதான் இருந்தார். என் முகத்தைப் பார்த்து, கொஞ்சமும் கூசாமல் கேட்டார்:

"இதுவரை என்ன பிரசுரித்திருக்கிறீர்?"

"சேர், எங்கட ஊருல கரைவலை இழுக்கக்குள்ள, வழியால போறவன் கயித்துல கை வெச்சாலும் அவனுக்கு மீன் இருக்கு. நானும் என்ட பொஞ்சாதியும் ரெண்டு மாரி இழுத்திருக்கம்."

"இது மீன் சந்தை இல்லை" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். மீன் சந்தையாக இருந்திருந்தால் எங்கள் பங்கு கிடைத்திருக்கும். வேலை வேறொருவருக்குப் போனது.

மின்மானியையும் சட்டியையும் அவர் திருப்பி எடுத்துக்கொண்டார். போகட்டும் என்று, பள்ளிக்கூடத்தில் பழுதாகிக் கிடந்த மின்மானியைத் திருத்தினேன். மனைவியின் தாயான மாமி, சோறாக்கும் தன் செப்புக் கிடாரத்தைத் தந்தார். மூன்றாவது மாரியை எங்களுக்காக அளந்தோம். கட்டுரையில் என் பெயரையும் மனைவியின் பெயரையும் போட்டு, வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினேன்.

சஞ்சிகையின் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. கட்டுரை நன்று, ஆனால் இதை முதலில் கண்டவர் அந்தப் பேராசிரியர். ஆரம்பத்திலேயே அதைச் சொல்லி அவருக்கு நன்றி தெரிவித்தால் பிரசுரிக்கலாம்.

மனைவிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவள் மின்மானியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்ப, நம்மட வளவுல பெஞ்ச மழைக்கு நாமளே அவருக்கு நன்றி சொல்லணுமா?"

"ஓம்" என்றேன்.

சொன்னோம்; கட்டுரையும் அச்சானது. அதன் பிறகு எத்தனையோ கட்டுரைகள் எழுதிவிட்டேன். ஆனால் என் பிரசுரப் பட்டியலில் முதலாவது அதுதான். எங்கள் இரண்டு பெயருக்கும் கீழே, கட்டுரையின் முதல் வரியிலேயே அவர் உட்கார்ந்திருக்கிறார்.