அப்பா கேட்ட நல்ல தண்ணீர்

சென்ற ஆடி மூன்றாம் வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். ஜலகண்டாபுரத்தில் எங்கள் வீட்டுக்குள் பெரியப்பா தன் சோளக்காட்டு மண்ணைக் கரைத்த ஒரு டம்ளர் தண்ணீரோடு நுழைந்தார். என் துன்பம் அப்போதுதான் தொடங்கியது. நோயின் முடிவு முன்பே தெரிந்ததுதான். ஈரலில் புற்று. இனி வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சேலத்து மருத்துவர்கள் அப்பாவை அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாளாக அவர் பேசவில்லை.

உயிர் இழுத்துக்கொண்டிருந்தால் ஏதோ ஓர் ஆசை தடுக்கிறதென்பது எங்கள் உறவினரின் கணக்கு. ஆசைப்பட்ட பொருளைக் கரைத்து வாயில் ஊற்றினால் உயிர் பிரியுமாம். பொன்னாசைக்காக முந்தின நாளே மோதிரம் உரசிய பாலை ஊற்றினார்கள். அப்பாவுக்குப் புரையேறியது. மோதிரத்தைப் பெரியம்மா மறக்காமல் கழுவி மாட்டிக்கொண்டார். அடுத்தது மண்ணாசை. ஆயுள் முழுதும் அடுத்தவர் தறியில் நெய்தவருக்கு மண்ணாசை!

கனடாவில் இருக்கும் அண்ணனின் பாசம் வேறு வகை. "நான் வர்ற வரைக்கும் வென்டிலேட்டர்ல வைங்க" என்று கைப்பேசியில் உத்தரவிட்டான். அப்பா நடமாடிய காலத்தில் வராதவனுக்கு, அவர் மூச்சைக் குழாயில் கட்டிவைத்தாவது முகம் பார்க்க வேண்டியிருந்தது. நல்ல சாவு எதுவென்று பெரியப்பா, அண்ணன் இருவருக்கும் தெரிந்திருந்தது. சாகிறவரை மட்டும் எவரும் கேட்கவில்லை.

பெரியப்பா டம்ளரை என் கையில் திணித்தார். "ஊத்து சாமி. மக கையில குடிச்சாத்தான் போவான்."

கண்ணை மூடினேன். மாரியம்மா, அவரைப் பிழைக்க வை என்று கேட்கவில்லை. அவர் வாயாலேயே ஒரு வார்த்தை சொல்ல வை என்றுதான் கேட்டேன்.

அப்பா கண் திறந்தார். டம்ளரைப் பார்த்தார்.

"அண்ணா, அது உங்க காட்டு மண்ணுங்க. ஆசையும் உங்களுதுதான்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "சாமி, நல்ல தண்ணி குடு. ஆஸ்பத்திரி வேண்டாம். இவங்களை வெளிய போவச் சொல்லு."

எல்லாரையும் வெளியே அனுப்பினேன். கைப்பேசியில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் அழுதான். வென்டிலேட்டர் பேச்சை அவன் மறுபடி எடுக்கவில்லை.

கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுத்தேன். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. விளக்கேற்றும் நேரத்தில், என் கையைப் பிடித்தபடி, திணறாமல் போனார்.

அம்மனை நம்புகிறவர்களே, வாய் திறந்து பேசவே கூச்சப்பட்டவள் நான். இன்று நோயாளி வீடுகளில், முதலில் படுத்திருப்பவரைக் கேளுங்கள் என்று உரக்கச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஊரே கூடி ஒருவர் வாயை அடைத்திருந்தால் அம்மனிடம் முறையிடுங்கள். என் குரலைக் கேட்ட செவி உங்கள் குரலையும் கேட்கும்.

மறுநாள் காலை, அப்பாவை எடுப்பதற்கு முன், அந்த மண்ணைப் பெரியப்பாவின் காட்டிலேயே கொட்டினேன். டம்ளரைக் கழுவி அவர் வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.