குன்றுக்கு அந்தப் பக்கம் பாலன்

சூடேறிய ட்ரான்ஸ்போமரின் மணம், அதோடு ரேடியேட்டரின் மேல் காயப்போட்ட ஈரக் கோட்டுகளின் மணம்... 2009இல் என் வியாழக்கிழமை மாலைகள் இப்படித்தான் மணத்தன.

நேற்று இந்தக் குழுவில் யாரோ பேரனின் பொம்மை ரயிலைப் படம் பிடித்துப் போட, எல்லோரும் 'சோ கியூட்' என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் செய்தது கியூட் அல்ல. தென் லண்டனில், சட்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில் மேசைகளை இணைத்து, அவற்றின் மேல் தண்டவாளம் பரப்பி, உண்மையான ரயில்வேயின் விதிகளின்படி மாதிரி ரயில்களை ஓட்டினோம். கிளப்பில் பெரும்பாலும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். பெண் நான் ஒருத்தி.

கணவர் இறந்தபின் வந்த இரண்டாவது குளிர்காலம் அது. விம்பிள்டன் கோயிலுக்குப் போனால் பெண்கள் தலையைச் சரித்து, "தனியவோ இருக்கிறியள்?" என்று கேட்பார்கள். பதில் தெரிந்த கேள்வி. நூலகத்தில் அந்தக் கிளப்பின் அறிவித்தலைக் கண்டேன். மண்டபம் சூடாக இருக்கும் என்ற ஒரே காரணத்தால் போனேன். அங்கே எவரும் நான் தனியாகவா இருக்கிறேன் என்று கேட்கவில்லை. நீராவியா, டீசலா என்றுதான் கேட்டார்கள்.

கிளப்பில் இருந்த மற்றத் தமிழர் பாலன். ஜேர்மனியிலிருந்து குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து, பலசரக்குக் கடை வைத்திருந்தவர். ஐம்பது வயதிருக்கும். என்னை 'ரீச்சர்' என்றே கூப்பிடுவார். நான் ஒருநாளும் படிப்பித்ததில்லை. கவுன்சில் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். ஆனால் பட்டம் பெற்ற, கண்ணாடி போட்ட பெண் என்றால் அவருக்கு ரீச்சர்தான்.

செயலாளர் டெரிக் எங்கள் இருவரையும் பாதையின் இரண்டு முனைகளில் சிக்னல் பார்க்க வைத்தார். அருகருகே விட்டால் தமிழில் கதைத்தே ரயில்களை மோதவிடுவோம் என்று பயந்திருக்கலாம். நடுவில் சாந்தினால் செய்த பெரிய குன்று. பாலனின் தலைமயிர்கூட எனக்குத் தெரியாது.

ஓட்டம் நடக்கும்போது சத்தம் போடக்கூடாது. மணிதான் பேச வேண்டும். நான் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அவர் பக்கத்து மணியில் ஒரு தட்டு விழும்: இருக்கிறீரா? அவர் அதே ஒரு தட்டைத் திருப்பித் தரவேண்டும்: இருக்கிறேன். அதன் பிறகுதான் ரயிலை அனுப்பலாம். பதில் வராவிட்டால் ரயில் அசையக்கூடாது. இதுவே விதி.

தேநீர் இடைவேளையில் மட்டும் எங்கள் பேச்சு.

"ஜேர்மனியில ட்ரெயின் ரெண்டு நிமிசம் பிந்தினாச் சனம் ஸ்டேசன் மாஸ்டரைத் தேடும், ரீச்சர். இஞ்ச பிந்தினாத் தேத்தண்ணியைத் தேடுது."

"அந்த நிம்மதிக்குத்தானே நீரும் இஞ்ச வந்தனீர்."

இவ்வளவுதான். ஆனால் அந்த வருடம் முழுவதும், வாரத்தில் வேறு எவரோடும் நான் இப்படித் தமிழில் வாயாடியதில்லை.

கடலுக்கு அப்பால் எட்மண்டனில் இருந்த மகன் ஒவ்வொரு ஞாயிறும் போனில், "அம்மா, வீட்டை வித்துப்போட்டு இஞ்ச வாங்கோவன். உங்களுக்கெண்டு அறை ஒழிச்சு வைச்சிருக்கிறன்" என்பான். தோட்டம் இருக்கிறது, குடும்ப வைத்தியர் இங்கே இருக்கிறார் என்று காரணம் சொல்வேன். எட்மண்டனிலிருந்து வியாழக்கிழமைகளில் சட்டனுக்கு வந்துபோக ஏலாது என்ற காரணத்தை மட்டும் சொல்லவில்லை. எழுபது வயதுப் பெண் ஒருத்தி ஒரு மணித் தட்டுக்காக லண்டனின் தென்முனையில் இருக்கிறாள் என்றால் அவன் வைத்தியரிடம்தான் கூட்டிப்போவான்.

நவம்பரில் ஒரு மாலை. மணியை அழுத்தினேன். பதில் இல்லை. மீண்டும் அழுத்தினேன்... இல்லை.

என் முனையில் நின்ற ரயிலுக்குப் பின்னால் அடுத்தது வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. டெரிக் வந்து, "அனுப்புங்கள், மாதிரி ரயில்தானே" என்றார். விதிப்புத்தகத்தில் அப்படி எழுதியிருந்தால் காட்டுங்கள் என்றேன். கிழவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் ஒருவராவது நான் பிழை என்று சொல்லவில்லை.

பக்கவாசலால் பாலன் வந்தார், கையில் போனோடு.

"என்ன ரீச்சர், மறிச்சு வைச்சிருக்கிறியளோ? விட்டிருக்கலாமே."

"ஆளில்லாத பக்கத்துக்கு நான் விடமாட்டன்."

சிரித்தார். பிறகு தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார். தூரத்து லெஸ்டரில் மச்சானோடு சேர்ந்து பெரிய கடை எடுக்கிறார்களாம். அதைத்தான் வெளியே நின்று போனில் பேசியிருக்கிறார். வருடப் பிறப்போடு குடும்பமாகப் போகிறார்கள்.

"நீங்களும் மகனிட்டைப் போங்கோவன், ரீச்சர். தனியக் கிடந்து என்ன செய்யப்போறியள்?"

அவரும் கேட்டுவிட்டார்.

"நான் போனா இந்தப் பக்கத்தை ஆர் பாக்கிறது?"

"டெரிக் பாப்பார்."

"நீரும் போறீர். டெரிக் ரெண்டு பக்கத்தையும் பாப்பாராக்கும்."

பாலன் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்.

ஜனவரியில் குன்றுக்கு அந்தப் பக்கம் வேறொருவரை இருத்தினார்கள். தட்டினால் உடனே பதில் தருவார். ஒரு குறையும் சொல்ல முடியாது. இடைவேளையில் தன் மனைவியின் இடுப்பு ஆபரேஷன் பற்றிச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் வருந்தினேன். ஈஸ்டருக்குப் பிறகு கிளப்புக்குப் போகவில்லை.

அதன்பிறகாவது மகனிடம் ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கடைக்காரர் ஒருவர் லெஸ்டருக்குப் போனதற்காக வீட்டை விற்றேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள விருப்பமில்லை. "பாப்பம்" என்றேன். அதை அவன் மறுப்பு என்றே எடுத்துக்கொண்டான். என்னை அறிந்தவன்.

அப்போது ஞாயிறு தவறாமல் என்னை வரச்சொல்ல ஒருவன் இருந்தான். மறுப்பது எனக்கு ஓர் அலுவலாக இருந்தது. இப்போதும் ஞாயிறுகளில் பேசுகிறோம், வீடியோவில். மழை, மாத்திரை, பேரனின் பரீட்சை... வரச்சொல்லிக் கேட்பதில்லை.

போன மாதம், எனக்கென்று ஒழித்து வைத்திருந்த அந்த அறையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். சுவருக்கு நீலம் அடித்து, ஜன்னலோரம் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

நல்ல வெளிச்சமான அறை என்று பதில் எழுதினேன்.