நனையாத துணி

பேருந்தில் உட்கார இடமிருந்தும் உட்காராமல், மேல்கம்பியைப் பிடிப்பதும் விடுவதுமாக நிற்கிறார். கையை உயர்த்துகிறார்; சட்டை இடுப்புக்கு மேல் ஏறுகிறதா என்று குனிந்து பார்க்கிறார். மறுபடி உயர்த்துகிறார். பக்கத்தில் நிற்கும் பெண் முறைத்தால், "ஒண்ணுமில்லம்மா, கக்கத்துல பிடிக்குதான்னு பாக்கறேன்" என்று விளக்கம் வேறு.

வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பருத்தி உடை வடிவமைப்பதுதான் இவர் தொழில். தெருவில் இவர் பெயர் பக்கெட் அக்கா. அச்சகத்து மாடியில் இரண்டு அறை, மூன்று தையல் மிஷின், படிக்கட்டு முழுக்க பக்கெட்டுகள். வாங்கிய துணி ஒரு நாள் தண்ணீரில் ஊறி, காய்ந்து, சுருங்குவதெல்லாம் சுருங்கிய பிறகே அதில் கத்திரி படும். அதுவரை கீழே அச்சகக்காரர் தலையில் சொட்டிக்கொண்டிருக்கும். "மழைக்காலம் எங்களுக்கு உங்க மாடியிலேருந்துதான் ஆரம்பிக்குது" என்பார். பாவம், வேறென்ன சொல்வார் அந்த மனுஷர்!

பத்தொன்பது வருஷம் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தவர் இவர். "அத்தனை வருஷமும் போனைக் கையிலயே பிடிச்சுக்கிட்டு மாடிப்படி ஏறுனேன். ஆம்பளைங்க உடுப்புல எங்க தொட்டாலும் ஒரு பை. நாம மட்டும் என்ன பாவம் பண்ணோம்?" அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் இவருடைய சட்டை. இரண்டு பக்கமும் கை மணிக்கட்டு வரை இறங்கும் பை. கையை மடித்துப் பொத்தான் போட்டுக்கொண்டால் வேலைக்கு. இறக்கிவிட்டால் சாயங்காலம் கல்யாண வீட்டுக்கே போகலாம். தையலுக்குள் ஓர் அங்குலம் துணி விட்டிருப்பார். "உடம்பு ஏறும், எறங்கும். அதுக்காகப் புதுசு வாங்கி பழசைக் குப்பையில போடணுமா?"

மாதிரிச் சட்டை ஒவ்வொன்றையும் பன்னிரண்டு நாள் தாமே போட்டுப் பார்ப்பார். அதோடு தூங்கக்கூடத் தூங்குவார். "நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தப்பகூட நீ இவ்ளோ விசாரிக்கல" என்பார் கணவர். அடுத்த பரீட்சை வங்கியில் வேலை பார்க்கும் நாத்தனாரிடம். "போனை இந்தப் பையில வெச்சுக்கறேன் அண்ணி. எங்க மேனேஜரை எதுல வெக்கறது?" என்று கேட்டுவிட்டுத்தான் அவள் குறை சொல்லவே ஆரம்பிப்பாள்.

துணி வெட்டுபவர் கட்டிங் மாஸ்டர். பத்து வருஷமாகக் கூடவே இருக்கிறார். நாளொன்றுக்கு ஆறு வார்த்தை பேசினால் அதிகம். ஊறிக் காய்ந்த துணியின் மூலையில் அக்கா ஒரு முடிச்சுப் போட்டு வைப்பார். முடிச்சைப் பார்த்தால் மாஸ்டர் வெட்டுவார். பத்து வருஷத்தில் ஒருமுறையும் தவறியதில்லை.

போன மாதம் தவறியது. ஓர் ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு நாற்பது சட்டை. அக்காவுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். இது கைவிட்டுப் போனால் மாடியைக் காலி செய்துவிட்டுப் பழையபடி நாற்காலிதான். நாற்பதையும் தைத்து, இஸ்திரி போட்டு, மறுநாள் அனுப்பத் தயாராக அடுக்கியாயிற்று. கூடுதலாகத் தைத்த ஒன்றை நாத்தனார் எடுத்துப் போய்த் துவைத்தாள். காய்ந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அண்ணி, ரெண்டு விரல் ஏறிப்போச்சு!"

ஆலையிலேயே யாரோ இரண்டு துண்டுகளைச் சேர்த்து மூலையில் ஒரு முடிச்சுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதை அக்கா போட்ட முடிச்சென்று நம்பி மாஸ்டர் நனையாத துணியை வெட்டிவிட்டார். "முடிச்சு இருந்துச்சும்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார்.

"அனுப்பிடு. துவைச்ச பிறகு யாரு டேப்பு வெச்சு அளக்கப் போறாங்க?" என்றார் கணவர். பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் அக்காவுக்கும் அது சரியென்றே பட்டது. பிறகு போனை எடுத்தார்.

"நாளைக்குத் தர முடியாது சிஸ்டர். இருபது நாள் வேணும்."

"தெச்சாச்சுன்னு நேத்துதானே சொன்னீங்க?" என்றார் தலைமை நர்ஸ்.

"தெச்சாச்சு. ஆனா துவைச்சா சுருங்கிடும். குனிஞ்சு ஒரு நோயாளியைத் தூக்கறப்ப உங்க முதுகு தெரியும். அதை நான் எப்படிக் குடுப்பேன்?"

மறுமுனையில் காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது. "பதினஞ்சு நாள். அதுக்கு மேல ஒரு நாள் போனாலும் நாங்க வேற எடம் பாத்துருவோம்."

நாற்பது சட்டைகளும் பக்கெட்டில் இறங்கின. "சுருங்கட்டும், போ. குள்ளமானவங்களுக்கு ஊர்ல பஞ்சமா?" என்றார் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அழுதாரா என்றால், அழுதார்தான்.

மூன்றாம் நாள் புதுத் துணி ஊறி, காய்ந்து, மூலையில் அக்காவின் முடிச்சோடு மேசையில் விரிந்து கிடந்தது. மாஸ்டர் கத்திரியைத் தொடவில்லை. "நீங்க ஒருதடவை பாத்துச் சொல்லிருங்கம்மா. இனிமே எனக்குத் தைரியம் வரல" என்றார், தரையைப் பார்த்தபடி.

அக்கா துணியின் பக்கமே போகவில்லை. கத்திரியை எடுத்து மாஸ்டர் கையில் வைத்தார். "டீ வாங்கிட்டு வந்துடறேன் மாஸ்டர்" என்று பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.