தவுக்கேயின் பந்தயக் காரும் நல்லெண்ணெய் ஷாக்கும்

வண்டிக்கும் அதில் உட்காருகிறவரின் முதுகெலும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பதுதான் ஸ்பிரிங் மெக்கானிக்கின் தொழில். இரண்டில் எது முறிந்தாலும் திட்டு நமக்குத்தான். கிரீஸ் கையோடு சோறு தின்ற சகோதரர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் ஜொகூரில் உள்ள பெக்கான் நானாஸில், அந்தோணி அண்ணனின் பட்டறையில் வேலை பார்த்தேன். எங்களிடம் வருவதெல்லாம் அன்னாசி சுமந்து இடுப்பொடிந்த லோரிகள். பந்தயக் கார் ஒன்று சாலையில் போனால் போதும், சுத்தியலைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிடுவேன். அந்த மாதிரிக் கார்கள் பழுது பார்க்கச் சிங்கப்பூருக்குத்தான் போகும். ஒன்றையாவது என் கையால் திருத்திவிட வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

அப்போதுதான் ஆ செங் தவுக்கே வந்தார். தவுக்கே என்றால் முதலாளி; இவர் அன்னாசித் தோட்ட முதலாளி. எங்கள் பட்டறைக்கு வரும் லோரிகளில் பாதி அவருடையவை. ஐம்பது வயதில் சிவப்பு நிறத்தில் இரண்டு பேர் உட்காரும் பந்தயக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். ஜொகூர் பாரு பக்கம் ஒரு மேட்டுச் சாலையில் நடக்கப்போகும் பந்தயத்தில் ஓட்டப் போகிறாராம். வளைவில் கார் சாய்கிறது, ஸ்பிரிங்கைச் சரிபண்ணு என்றார். அவர் என்னோடு பேசுவது பாசார் மலாய், அதாவது சந்தை மலாய்; இங்கே தமிழில் தருகிறேன்: "நல்லா வந்துச்சுன்னா என் கூட்டாளிங்க காரெல்லாம் உன்கிட்ட வரும். கெடுத்துட்டேன்னா இந்தக் காரும் போகும், என் லோரிங்களும் சிங்கப்பூருக்குப் போகும். அவ்வளவுதான் லா."

ஆறு கூடை அன்னாசி

ஸ்பிரிங் தொய்கிறது என்றால் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: பட்டை கூட்டுவது. எத்தனை கூடை ஏற்றுவீர்கள் என்று கேட்போம். அதற்கேற்றபடி ஒன்றோ இரண்டோ இரும்புப் பட்டையைச் சேர்த்துக் கட்டுவோம். அந்தப் பழக்கம் விடுமா? தவுக்கேயின் காருக்கும் முன்னால் இரண்டு, பின்னால் மூன்று என்று தடித்த பட்டைகளாகப் பார்த்துச் சேர்த்தேன். கார் நிமிர்ந்து நின்றது. அதைப் பார்த்து நானும் நிமிர்ந்து நின்றேன்.

மறுநாள் காலை தவுக்கே திரும்பி வந்தார். தலையில் தொப்பியைக் காணோம். எந்தக் குழியில் பறந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பக்கத்து இருக்கையிலும் பின்பக்கத்திலுமாக ஆறு கூடை அன்னாசி. சும்மா ஓட்டினால் பல்லெல்லாம் ஆடுகிறது என்று தோட்டத்தில் நிறுத்தி ஏற்றிக்கொண்டாராம். ஏற்றிய பிறகு கார் மெத்தை மாதிரி ஓடியதாம். மெதுவாக இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உன் ஸ்பிரிங்குக்கு என்னைப் பிடிக்கல. அன்னாசியைத்தான் பிடிக்குது."

ஒரு குழிக்கு மூன்று குதி

அன்றைக்குத்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. லோரி சுமக்க வேண்டும். பந்தயக் கார் சாலையை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். சேர்த்ததையெல்லாம் கழற்றி எறிந்தேன். மெல்லிய பட்டை ஒன்றை மட்டும் புதிதாக வைத்து, காரின் பழைய பட்டைகளின் வளைவைத் தட்டிக் குறைத்து, உலையில் காய்ச்சிப் பதம் பார்த்துப் பூட்டினேன். கார் இரண்டு அங்குலம் தாழ்ந்து, பாயப் போகிற பூனை மாதிரி உட்கார்ந்தது. சாய்வு நின்றுவிட்டது. ஆனால் ஒரு குழியில் இறங்கினால் மூன்று தடவை குதித்தது.

ஸ்பிரிங் குதிக்கத்தான் செய்யும். குதித்தது போதும் என்று அதற்குச் சொல்வது ஷாக்கின் வேலை. அந்தக் கால ஷாக் என்பது கத்தரிக்கோல் மாதிரி இரண்டு இரும்புக் கைகள். அவை சேரும் இடத்தில் உலர்ந்த மரத் தட்டுகள். நடு மரையை முறுக்கினால் தட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும், குதியும் அடங்கும். காரில் இருந்தவை தேய்ந்து போயிருந்தன. புதிதாகப் பெரிய ஷாக் நான்கு வேண்டும் என்றேன். தவுக்கே உடனே சிங்கப்பூருக்குச் சொல்லி அனுப்பினார். கூடவே எனக்கும் ஓர் உத்தரவு போட்டார்: "பந்தயத்தன்னைக்கு நீ என் பக்கத்துல உட்காரணும். ஸ்பிரிங் போட்டவன் உசுரும் கூட இருந்தாத்தான் நான் தைரியமா மிதிப்பேன்."

அந்தோணி அண்ணனின் பக்தி

ஷாக்குகள் வந்து சேர்ந்தது ஆயுத பூஜைக்கு முதல் நாள். பூஜை வியாழக்கிழமை, பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அந்தோணி அண்ணன் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனால் எங்கள் ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாம் அவர்தான் வாங்கி வருவார்; எங்களைவிட அவருக்குத்தான் அன்றைக்குப் பரபரப்பு அதிகம். அந்த வியாழன் நான் குளித்துவிட்டு வருவதற்குள் சுத்தியல், குறடு, அரம் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. நடுவில் மாப்பிள்ளை மாதிரி நான்கு ஷாக்குகள், பளபளவென்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விழுந்து கும்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை பூட்டினேன். கார் முன்னைவிட மோசமாகக் குதித்தது. மரையைக் கடைசிவரை முறுக்கியும் பிடிப்பே இல்லை. கழற்றிப் பார்த்தால் மரத் தட்டுகளிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. பட்டறை முழுக்க நல்லெண்ணெய் வாசம்! வெளியே மட்டும் தடவினால் பக்தி குறைந்துவிடும் என்று, அண்ணன் ஒவ்வொரு ஷாக்கையும் பிரித்து உள்ளே வரைக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் அண்ணே இப்படிச் செய்தீர்கள் என்றேன். அவர் பாவமாகச் சொன்னார்: "ஏம்பா, உங்க சாமி விஷயத்துல இந்த அந்தோணி குறை வச்சிட்டான்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாதுல்ல?"

மாட்டு வண்டியின் பங்கு

மண்ணெண்ணெயில் கழுவினோம். சூட்டுச் சாம்பலில் புதைத்தோம். மரம் குடித்த எண்ணெயைத் திருப்பித் தர மறுத்தது. வேறு ஷாக் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டுமென்றால் திங்கட்கிழமை ஆகும். என் ஆசை போனது போகட்டும், தவுக்கேயின் லோரிகள் போய்விட்டால் பட்டறையே படுத்துவிடும். அந்தோணி அண்ணன் சாப்பாட்டைத் தொடவில்லை. பட்டறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவர் திடீரென்று என்னைக் கூப்பிட்டார். அவர் உட்கார்ந்திருந்தது உடைந்து கிடந்த ஒரு மாட்டு வண்டிச் சக்கரத்தின் மேல். பல வருஷம் வெயிலில் காய்ந்த வைரம் பாய்ந்த கட்டை. தட்டினால் இரும்பு மாதிரி சத்தம் போடும்.

அண்ணன் அறுத்தார், நான் அரம் போட்டேன். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எட்டுத் தட்டுகள் தயார். பூட்டி, மரையை முறுக்கி, காரின் மூக்கை அமுக்கினேன். ஒரு தடவை இறங்கியது, ஒரு தடவை ஏறியது, நின்றது. அண்ணனைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். தவுக்கே வந்ததும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் உயிரும் சேர்ந்து உட்காரப் போகிறதே. அவர் குனிந்து ஷாக்கைத் தட்டிப் பார்த்தார். அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். தவுக்கே நிமிர்ந்து சொன்னார்: "என் தோட்டத்து மாட்டு வண்டி எத்தனையோ வருஷமா மேடு ஏறுது, ஒருநாளும் என்னை ஏமாத்தினதில்ல. போலாம் வா."

மூன்றாவது வளைவு

பந்தயத்தில் ஒவ்வொரு காராக மேட்டில் விடுவார்கள். யார் சீக்கிரம் உச்சிக்குப் போகிறாரோ அவருக்கு ஜெயம். மூன்றாவது வளைவில்தான் எல்லோருக்கும் கண்டம். அங்கே சாலை மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. எங்களுக்கு முன்னால் போன கார் அதில் குதித்துக் குதித்து லாலாங் புல்லுக்குள்ளேயே போய்விட்டது. தவுக்கே காலை எடுப்பார் என்று நினைத்தேன். அவர் மிதித்தார். நான் முருகா என்று கத்தினேனா, மாதாவே என்று கத்தினேனா, இன்றுவரை தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது வளைவு பின்னால் இருந்தது. சக்கரம் நான்கும் சாலையை விட்டு எழும்பவே இல்லை. தவுக்கே வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்; நானும் சிரித்தேன்.

இரண்டாவதாக வந்தோம். முதலாவதாக வந்தவர் ஒரு சிங்கப்பூர் வெள்ளைக்காரர். அவர் நேரே எங்கள் காரிடம் வந்து, வெள்ளைக் கால்சட்டையோடு மண்ணில் மண்டியிட்டு, ஷாக்கைப் பார்த்தார், தட்டினார், மறுபடியும் பார்த்தார். சிங்கப்பூரில் எந்தப் பட்டறையில் செய்தது என்று மலாயில் கேட்டார். தவுக்கே என் கிரீஸ் சட்டையின் தோளில் கையைப் போட்டு, அங்கிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சிங்கப்பூரா? பெக்கான் நானாஸ் லா! இதோ, இந்த ஆளுதான். உன் காருக்கும் வேணும்னா அங்க வந்து வரிசையில நில்லு."

அதன்பிறகு எத்தனையோ பந்தயக் கார்களுக்கு ஸ்பிரிங் கட்டிவிட்டேன், சகோதரர்களே, ஆனாலும் நம் தொழிலின் நியாயம் மட்டும் மாறவில்லை: கார் குலுங்கினால் மெக்கானிக் மோசம், குலுங்காவிட்டால் ரோடு நல்ல ரோடு.