போகலாமாங்க?

பதுளைக் கடைவீதியின் மாடியொன்றில் நடந்த ஜோடி நடன வகுப்புக்கு யாரும் தனியாகவே வரலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஜோடி மாறும். முதல் நாள், இரண்டாவது பாட்டில் எனக்கு வாய்த்தவர் பூனாகலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, ரப்பர் செருப்பு. அடுத்த வாரம் மகளின் திருமண வரவேற்பில், மாப்பிள்ளை வீட்டு வழக்கப்படி, அவர் மகளோடு ஆட வேண்டும்.

ஆண்தான் முதலடி வைத்து நடத்த வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். இவரோ ஒவ்வோர் அடிக்கும் முன், "போகலாமாங்க?" என்று கேட்டார். நான் தலையசைப்பதற்குள் தாளம் கடந்துவிடும்.

"கேக்காமலே காலை வைங்கய்யா. இப்படின்னா உங்க மக மேடையில நின்னுக்கிட்டே இருப்பாங்க" என்றேன்.

"நின்னா நிக்கட்டும்மா" என்று சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "பத்துப் படிக்கையில, புள்ளயக் கேக்காமத்தான் கையப் புடிச்சுப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டியாந்து கொழுந்தெடுக்க விட்டேன். இப்பவும் கேக்காம எப்பிடிம்மா கையப் புடிக்கிறது?"

பாடசாலை இடைவிலகலைப் பற்றி நான் மேடைகளில் பேசியிருக்கிறேன். அடுத்த அடிக்கு, அவர் கேட்கும்வரை நானும் காலை எடுக்காமல் காத்திருந்தேன். பாட்டு முடிந்து ஜோடி மாறியது. அடுத்த பெண்ணின் முன்னே கையை நீட்டாமல் நின்று, அவர் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.